வாசிப்புக் கூடத்துப் பெட்டியில் ஒரே ஆளைப் பற்றி மூன்று கடிதம்: மாணவர் கமிட்டி என்ன செய்யணும்?

வாசகரெப்

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பிஹெச்டி பண்றேன். எங்க வளாகத்துல முதுகலை மாணவர்களும் ஸ்காலர்களும் சேர்ந்து படிக்கிற வாசிப்புக் கூடம் ஒன்னு இருக்கு. காலையில எட்டு மணிக்குத் திறந்து ராத்திரி ஒன்பதுக்குப் பூட்டுவோம். நெட், செட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகள்), டிஎன்பிஎஸ்சின்னு படிக்கிற கூட்டம்தான் அதிகம். சாவி, பேப்பர் பில், சீட்டுச் சண்டை எல்லாத்தையும் பார்த்துக்க அஞ்சு பேர் கொண்ட மாணவர் கமிட்டி இருக்கு. நான் அதுல செயலாளர்.

வாசல்ல ஒரு ஆலோசனைப் பெட்டி தொங்குது. "ஃபேன் சத்தம் போடுது", "தண்ணி கேன் காலி"ன்னு சீட்டு விழும். இந்த மாசம் திறந்தப்ப மூணு கடிதம் இருந்துச்சு. மூணும் ஒரே ஆளைப் பத்தி.

முதலாவது கையெழுத்தோட இருக்கு. எழுதினது முதுகலை படிக்கிற பொண்ணு. உள்ள வர்றப்ப நோட்டுல பேர், துறை, போன் நம்பர் எழுதணும். அந்த நோட்டுலேருந்து நம்பரை எடுத்து ராத்திரி மெசேஜ் பண்றாராம். வேண்டாம்னு சொல்லி பிளாக் பண்ணினா வேற நம்பர்லேருந்து வருதாம். மறுநாள் எதிர் நாற்காலியில வந்து உட்கார்ந்து "படிச்சிட்டுப் பதில் போடலையே"ன்னு கேட்கிறாராம்.

ரெண்டாவது மொட்டைக் கடிதம். அதுலயும் மெசேஜ் விஷயம் இருக்கு. கூடவே, புத்தகம் எடுக்கிற சாக்குல மேல உரசுறது, மாடிப்படித் திருப்பத்துல வழி மறிச்சு நிக்கிறது.

மூணாவது எழுதினவன் முதல் வருஷப் பையன், கையெழுத்து போட்டிருக்கான். டீ வாங்கிட்டு வரச் சொல்றார், காசு தர்றதில்ல. தீசிஸ் டேபிள் எல்லாம் டைப் பண்ண வைக்கிறார். முடியாதுன்னு சொன்னா "உன் இன்டர்னல் மார்க் யார் கையில இருக்கு தெரியுமா"ங்கிறார்.

ஆள் யாருன்னா, கூடத்துல ஞாயித்துக்கிழமை நெட் முதல் தாளுக்கு இலவசமா வகுப்பு எடுக்கிற சீனியர் ஸ்காலர். எல்லாருக்கும் "அண்ணா". எங்க கமிட்டித் தலைவருக்கு ரூம்மேட்டும்கூட.

கமிட்டியில ரெண்டு பேர் கூப்பிட்டுப் பேசலாம்கிறாங்க. ஒருத்தர் கூடத்துக்குள்ள வரக் கூடாதுன்னு தடை போடணும்கிறார். மொட்டைக் கடிதத்தைக் கிழிச்சுப் போடுங்கன்னு இன்னொருத்தர். பொறுப்பாசிரியர்கிட்ட ஆளைச் சொல்லாம மேலோட்டமாக் கேட்டேன். "பசங்க விஷயம், நீங்களே பேசி முடிச்சுக்கோங்க. நாக் டீம் வர்ற நேரம்"னு சொல்லிட்டார். நாக்ங்கிறது கல்லூரிக்குத் தரம் போடுற அமைப்பு.

நாங்க எதுவரைக்கும் போகலாம்? எங்க நிக்கணும்?

புளிச்சாதம்

இதுக்கு எதுக்குப்பா பெரிய ஆர்ப்பாட்டம்? ஆளை டீக்கடையில உட்கார வச்சு "அண்ணா, இப்படி ஒரு பேச்சு அடிபடுது, பாத்து இருந்துக்கோங்க"ன்னு சொன்னா முடிஞ்சது. பாதிப் பேர் அதோட அடங்கிடுவான். தீசிஸ் சப்மிட் பண்ற நேரத்துல ஒருத்தன் வாழ்க்கையில கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசிப் பாக்குறதுல என்ன குறைஞ்சிடும்? மொட்டைக் கடிதத்துக்கு இடம் குப்பைக் கூடை.

செங்கோட்டை பாசஞ்சர்

@புளிச்சாதம், டீக்கடையில "பேச்சு அடிபடுது"ன்னு சொன்ன அன்னைக்கு ராத்திரியே யார் எழுதியிருப்பாங்கன்னு அவரு கணக்குப் போட்டுருவாரு. கூடத்துக்கு வர்ற பொண்ணுங்கள்ல அவரு மெசேஜ் போட்டது எத்தனை பேருக்கு? கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம் ஆவாது. அப்புறம் போன்ல இருக்குற சாட் அழியும், பழைய நோட்டு காணாமப் போவும், அந்தப் பையன் "தெரியாம எழுதிட்டேன்"னு வந்து நிப்பான். நான் வக்கீல் ஆபீஸ்ல ஜூனியர். எங்ககிட்ட வர்ற பாதி வழக்கு இப்படி "பேசிப் பார்த்து" கெட்டுப்போனதுதான்.

@வாசகரெப், கடிதம் மூணு, ஆள் ஒன்னுதான். ஆனா போற வழி ரெண்டு.

முதல் ரெண்டும் ஐசிசிக்கு, அதாவது உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போவணும். வேலை இடத்துப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டமும், கல்லூரிகளுக்குன்னே யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, போட்ட 2015 ஒழுங்குமுறையும் இருக்கு. குழுவுக்குத் தலைமை மூத்த பெண் பேராசிரியர். வெளியாள் ஒருத்தர் இருக்கணும். விவகாரத்துல மாணவர்கள் சம்பந்தப்பட்டா இளங்கலை, முதுகலை, ஆய்வு மாணவர்னு மூணு மாணவப் பிரதிநிதிகளும் உட்காரணும். துறைத்தலைவர், டீன், பதிவாளர் மாதிரி நிர்வாகத்துல மேல இருக்கிறவங்க அதுல உறுப்பினரா இருக்கவே கூடாது. உங்க பொறுப்பாசிரியரைச் சுத்திக்கிட்டுப் போறோமேன்னு கூச்சப்படாதீங்க, வழியே அப்படித்தான் போட்டிருக்கு.

மூணாவது ராகிங். "டீ வாங்கிட்டு வரச் சொன்னது ஒரு குத்தமா"ன்னு நாலு பேர் வருவாங்க. யுஜிசியோட 2009 ராகிங் தடுப்பு ஒழுங்குமுறையை எடுத்துப் பாருங்க. தன்னோட படிப்பு வேலையை ஜூனியரை வச்சுச் செஞ்சுக்கிறதும், அவன் தலையில செலவு கட்டுறதும் ராகிங் விளக்கத்துக்குள்ளயே இருக்கு. நம்ம மாநிலத்துல 1997-லயே தனிச் சட்டம் வந்தாச்சு. முந்தின வருஷம் சிதம்பரத்துல மருத்துவ மாணவர் ஒருத்தர் கொல்லப்பட்டதுக்குப் பிறகு வந்தது அது. ரெண்டு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் நிறுவனத் தலைவர் சும்மா இருந்தா அவரும் உடந்தைன்னு அந்தச் சட்டம் சொல்லுது. "நாக் டீம் வர்ற நேரம்"னு சொன்ன சார்கிட்ட இதை மரியாதையாச் சொல்லிப் பாருங்க, குரல் மாறும்.

மாடரேட்டர்

முதல் பதிவிலிருந்து துறையின் பெயரையும் ஊரையும் நீக்கியிருக்கிறேன். "இது எந்தக் கல்லூரின்னு தெரியும்" என்று ஊகம் போட்ட மூன்று பதில்களையும் எடுத்துவிட்டேன். யாரும் ஊகிக்க வேண்டாம்.

மாஜி வார்டன்

வாசகரெப், நான் ஓய்வு பெற்ற இணைப் பேராசிரியர். பெண்கள் விடுதித் துணைக் காப்பாளராக இருந்திருக்கிறேன், ஐசிசியிலும் உட்கார்ந்திருக்கிறேன். சட்டத்தைத் தம்பி சொல்லிவிட்டார். நீ நாளைக்குக் காலையில் செய்ய வேண்டியதை நான் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணைக் கமிட்டி முன்னால் கூப்பிட்டு "என்ன நடந்தது சொல்லும்மா" என்று கேட்காதே. ஐந்து பேர் முன்னால் ஒரு தடவை, பொறுப்பாசிரியர் முன்னால் ஒரு தடவை, பிறகு ஐசிசியில் ஒரு தடவை என்று சொல்ல வைத்தால், தடவைக்கு ஒரு வார்த்தை மாறும். மாறிய வார்த்தையைப் பிடித்துக்கொண்டு "அன்றைக்கு வேறு மாதிரி சொன்னாயே" என்று கேட்பார்கள். அப்படி உடைந்துபோன பெண்களை எதிர் நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறேன். விசாரணை உங்கள் வேலை இல்லை. வாங்குவதும், பத்திரமாக வைப்பதும், சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்ப்பதும்தான் உங்கள் வேலை.

நீ மட்டும், அல்லது கமிட்டியில் பெண் இருந்தால் அவரும் நீயுமாக, அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசு. கேட்க வேண்டியது ஒன்றுதான்: "உன் கடிதம் என் கையில் இருக்கிறது. ஐசிசிக்குக் கொடுக்கட்டுமா?" அவள் வேண்டாம் என்றால் அவள் பெயரில் நீ புகார் கொடுக்க முடியாது. உடலாலோ மனத்தாலோ எழுத இயலாத நிலையில் இருந்தால் மட்டும்தான் தோழியோ உறவினரோ அவளுக்காகக் கொடுக்கலாம். எழுத வரவில்லை, தடுமாறுகிறது என்றால் ஐசிசியே உட்கார்ந்து எழுத உதவ வேண்டும். ஒழுங்குமுறையில் அது இருக்கிறது.

கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கச் சொல். தாமதமானால் காரணத்தைப் பதிவு செய்து இன்னும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். நீட்டிப்பார்கள் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

மெசேஜை ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டு சாட்டை அழித்துவிடுகிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அழிக்க வேண்டாம் என்று சொல். கூடத்து வாசலில் கேமரா இருந்தால் அதுவும் அவசரம். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிக்கொண்டே இருக்கும். "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை அழிக்காமல் வைக்கவும்" என்று ஒரு வரிக் கடிதம் இன்றைக்கே அலுவலகத்துக்குப் போகட்டும். யாரைப் பற்றி, எதற்கு என்று அதில் எழுத வேண்டாம்.

பிறகு அந்த நோட்டு. வருகிறவர் போகிறவர் எல்லோரும் புரட்டுகிற மேசையில் பெண்பிள்ளைகளின் போன் நம்பர் விரித்து வைத்திருக்கிறதே, அது யாருடைய யோசனை?

வாசகரெப்

மேம், எங்களுக்கு முன்னாடி இருந்த கமிட்டி ஆரம்பிச்சது. புத்தகம் காணாமப் போனா கூப்பிட்டுக் கேட்கலாம்னு வச்சிருக்காங்க. நோட்டைப் பார்த்தேன். சில பொண்ணுங்க இப்பல்லாம் பத்துக்குப் பதிலா ஒன்பது இலக்கம்தான் எழுதுறாங்க. அது கவனக்குறைவு இல்லைன்னு இப்பதான் புரியுது.

புளிச்சாதம்

சரி, கையெழுத்து போட்டது போகட்டும். மொட்டைக் கடிதத்துக்கு என்ன பதில்? நெட் வகுப்புல இடம் கிடைக்காத எவனாவது எழுதியிருக்கலாம். ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிப் போட்டா எவனை வேணும்னாலும் காலி பண்ணலாம் போலிருக்கே. பொய்ப் புகாருக்குத் தண்டனை கிடையாதா?

செங்கோட்டை பாசஞ்சர்

உண்டு. 2013 சட்டத்துல 14-வது பிரிவு. ஆனா வேணும்னே, கெட்ட எண்ணத்தோட பொய் சொன்னாங்கன்னு தனியா விசாரிச்சு நிரூபிக்கணும். நிரூபிக்க முடியாமப் போன புகார் வேற, பொய்ப் புகார் வேறன்னு அதே பிரிவு சொல்லுது. ஆதாரம் பத்தலைங்கிறதுக்காக எழுதினவங்க மேல நடவடிக்கை எடுக்கக் கூடாது.

பெயர் வேண்டாம்

இழையைப் படிச்சிட்டு எழுதாமப் போகலாம்னுதான் இருந்தேன். புகார் கொடுக்கப்பட்ட பக்கத்துல ஒருகாலத்துல நான் உட்கார்ந்திருக்கேன். குற்றச்சாட்டு நிரூபணம் ஆகலைன்னு முடிஞ்சுது. அது சரியா தப்பான்னு இங்க வாதாட வரல.

புளிச்சாதம் மாதிரி என் நண்பர்களும் "உள்ளுக்குள்ள பேசி முடி"ன்னுதான் சொன்னாங்க. பேசி முடிச்சிருந்தா எனக்குக் கிடைச்சிருக்கிறது ஒரு சந்தேகம் மட்டும்தான், ஆயுசுக்கும். முறையா போனதால என்ன புகார்னு எழுத்துல என் கைக்கு வந்துச்சு. ஏழு நாளுக்குள்ள நகல் கொடுக்கணும், பதில் சொல்ல பத்து நாள் தரணும். என் சாட்சிகளோட பேரைக் கொடுத்தேன், கூப்பிட்டாங்க. ரெண்டு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. அறிக்கையோட நகலும் வந்துச்சு.

என்னை உடைச்சது விசாரணை இல்ல. விசாரணை தொடங்கின மறுநாளே வகுப்புல ஒருத்தன் என் போட்டோவைப் போட்டு வச்ச வாட்ஸாப் ஸ்டேட்டஸ். அது எங்கேருந்து கசிஞ்சதுன்னா, புகாரை முதல்ல வாங்கின மாணவர் சங்கத்துக்காரங்க குரூப்புலேருந்து. அதே குரூப்புல அந்தப் பொண்ணோட பேரும் இருந்துச்சு. அவளும் ஒரு செமஸ்டர் வரல.

வாசகரெப், உங்க கமிட்டி குரூப்புல இந்த மூணு கடிதத்தோட போட்டோ யாராவது போட்டிருக்காங்களா?

வாசகரெப்

போட்டிருந்தாங்க. பெட்டியைத் திறந்தவர் அப்பவே எடுத்துப் போட்டுட்டார். இப்ப எல்லாருக்கும் டெலீட் பண்ணச் சொல்லியாச்சு. அஞ்சு பேரும் கேலரியைத் திறந்து காட்டினாங்க. தலைவர் உட்பட.

செங்கோட்டை பாசஞ்சர்

நல்லது. தலைவர் ஏற்கெனவே படிச்சிட்டார்ங்கிறதையும் ஐசிசி தலைவர்கிட்ட ஒளிக்காமச் சொல்லிருங்க. புகார் கொடுத்தவங்க பேரு, எதிர்த் தரப்பு பேரு, விசாரணை விவரம் எதையும் வெளிய விடக் கூடாதுன்னு 2013 சட்டத்தோட 16-வது பிரிவு சொல்லுது. புகாரைக் கையாளுற பொறுப்புல இருக்குறவங்க மீறினா ஐயாயிரம் ரூபா அபராதம்னு விதி இருக்கு. காசு சின்னதுதான், சேதம் சின்னது இல்ல. 2024 டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழக வளாகத்துல நடந்த பாலியல் கொடுமையில எஃப்ஐஆரே இணையத்துல கசிஞ்சு அந்த மாணவியோட விவரம் வெளிய வந்துச்சு. அதுக்காக அவங்களுக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்லிச்சு சென்னை உயர் நீதிமன்றம். போலீஸ் ஆவணமே அப்படிக் கசியுதுன்னா நம்ம வாட்ஸாப் குரூப் எம்மாத்திரம்?

மூணாம் பெஞ்ச்

இங்க எல்லாரும் நடைமுறை பேசுறீங்க. நாற்காலி பத்தி யாரும் பேசல.

நான் புகார் கொடுத்தவ. வேற ஊர், வேற லேப். கொடுத்த அடுத்த வாரமே நல்ல எண்ணத்துலதான் ஒரு மேடம் கேட்டாங்க, "உனக்குச் சங்கடமா இருந்தா வேற லேப்ல இடம் தரட்டுமா?" சரின்னுட்டேன். என் சாம்பிள் எல்லாம் பழைய லேப் ஃப்ரிட்ஜ்ல. அவன் அதே மேசையில உட்கார்ந்து வேலை பார்த்தான். நான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ரெண்டு மாடி ஏறி இறங்கினேன். பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? இடம் மாறினவதானே தப்பு பண்ணவன்னு?

அதனால வாசகரெப், கடிதம் எழுதின பொண்ணுகிட்ட "நீ கொஞ்ச நாள் கூடத்துக்கு வராம இரு"ன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க. அக்கறைங்கிற பேர்ல எல்லாரும் முதல்ல சொல்றது அதைத்தான்.

வாசகரெப்

அப்ப அவரை வர வேண்டாம்னு நாங்க சொல்லலாமா? கமிட்டியில ஒருத்தர் தடை போடணும்னுதான் ஒத்தைக் கால்ல நிக்கிறார்.

செங்கோட்டை பாசஞ்சர்

நீங்க போடாதீங்க. நூலகம், விடுதி மாதிரி வசதிகளை நிறுத்தி வைக்கிறது 2015 ஒழுங்குமுறையில மாணவருக்கான தண்டனைப் பட்டியல்லயே இருக்கு. விசாரணை முடிஞ்சு, குழு பரிந்துரைச்சு, நிர்வாகம் போடுற தண்டனை அது. அதை நீங்க முதல் நாளே போட்டா "என்னை விசாரிக்காமலே தண்டிச்சிட்டாங்க"ன்னு அவரு நிப்பாரு. அதுல நியாயமும் இருக்கும்.

ஆனா இடைக்கால ஏற்பாடுன்னு தனியா ஒன்னு இருக்கு. புகார் நிலுவையில இருக்கறப்ப, கேட்டுக்கிட்டா ரெண்டு பேர்ல யாரையாவது வேற இடத்துக்கு மாத்தலாம், கிட்ட வரக் கூடாதுன்னு எதிர்த் தரப்பை எச்சரிக்கலாம், புகார் கொடுத்தவங்களோட வேலையை மதிப்பிடுற பொறுப்புலேருந்து அவரை விலக்கலாம். மிரட்டல் இருக்குன்னா வளாகத்துக்குள்ள வர்றதையே தடுக்கலாம். ஐசிசி பரிந்துரைச்சு நிர்வாகம் செய்யணும். மூணாம் பெஞ்ச் சொன்னது முக்கியம்: யாரை மாத்துறதுங்கிறதைப் புகார்ல எழுதிக் கேட்கணும். "நான் கூடத்தைப் பழையபடி பயன்படுத்தணும், அவரை வேற நேரத்துக்கோ வேற இடத்துக்கோ மாத்துங்க"ன்னு ஒரு வரி. கேட்காட்டி சுலபமா நகரக்கூடிய ஆளைத்தான் நகர்த்துவாங்க.

பரமேஸ்வராச் சந்தி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். எங்கட பல்கலைக்கழகங்களில இந்தக் கதை வேற உருவத்தில நடக்குது. 1997-இல் பேராதனையில பொறியியல் பீட மாணவர் ஒருவர் பகிடிவதையால, அதாவது நீங்கள் சொல்ற ராகிங்கால, இறந்தவர். அதுக்குப் பிறகு 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருசம் வரை கடூழியச் சிறை, பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து வருசம் வரை. சட்டத்தில ஒரு குறையும் இல்லை. முறைப்பாடு குடுக்கிறதுதான் குறைவு.

ஏனெண்டால் முறைப்பாட்டை வாங்கிற இடத்தில சிரேஷ்ட மாணவர் இருக்கிறார். அவர் "தம்பி, கம்பஸ் எண்டால் இப்பிடித்தான், ரெண்டு மாசம் பொறு" எண்டு சொல்லித் திருப்பி அனுப்பிப்போடுவார். அவரும் பொறுத்தவர்தானே. வாசகரெப்பின்ர கமிட்டித் தலைவர் அந்த ஆளின்ர அறை நண்பர் எண்டதை வாசிச்ச உடன எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பெட்டியின்ர திறப்பு (சாவி) ஆரிட்ட இருக்குது எண்டு பாருங்கோ, மிச்சத்தைப் பிறகு கதைக்கலாம்.

புளிச்சாதம்

ஒத்துக்கறேன், டீக்கடை யோசனையை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஒன்னு கேட்கிறேன். அந்த ஞாயித்துக்கிழமை வகுப்பை நம்பி எத்தனை பசங்க இருப்பாங்க? கோச்சிங் சென்டருக்குக் காசு கட்ட முடியாதவங்க. அவங்க கண்ணுல கமிட்டிதான் வில்லன் ஆகும். அதையும் யோசிங்க.

மூணாம் பெஞ்ச்

வகுப்பு இலவசம்தான். அதுக்கு யார் விலை கொடுக்கிறாங்கன்னுதான் கடிதம் வந்திருக்கு.

வாசகரெப்

மாஜி வார்டன் மேமுக்கு மூணு கேள்வி. மொட்டைக் கடிதத்தை என்ன பண்றது? தலைவரை என்ன பண்றது? பொறுப்பாசிரியர் தன்னைத் தாண்டிப் போனதா எடுத்துக்கிட்டா கூடத்தையே பூட்டிடுவாரோன்னு பயமா இருக்கு.

மாஜி வார்டன்

மொட்டைக் கடிதத்தை வைத்து ஐசிசி முறையான விசாரணை தொடங்க முடியாது, பாதிக்கப்பட்டவரின் எழுத்துப் புகார் வேண்டும். அதனால் அது குப்பை என்று ஆகிவிடாது. உறையில் போட்டு, பெட்டி திறந்த தேதியை எழுதி, முதல் கடிதத்தோடு சேர்த்து ஐசிசி தலைவரிடம் கொடு. அந்த மாடிப்படித் திருப்பத்துக்கு விளக்கும் ஆளும் போட நிர்வாகத்துக்குக் கையெழுத்துப் போட்ட புகார் தேவையில்லை. இன்னொன்றும் செய்யலாம். "பெட்டியில் பெயரில்லாமல் எழுதியவர் விரும்பினால் இன்னாரை, இந்த எண்ணில் தொடர்புகொள்ளலாம், பெயர் வெளியே வராது" என்று பொதுவாக ஓர் அறிவிப்பு. எதைப் பற்றி என்று அதில் ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. கையெழுத்தை நோட்டோடு ஒப்பிட்டு எழுதியவள் யாரென்று கண்டுபிடிக்கிற துப்பறியும் வேலையை யாராவது தொடங்கினால் அங்கேயே நிறுத்து. இப்படி ஒருவர் எப்போதும் கிளம்புவார்.

ராகிங் கடிதத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. தேசிய உதவி எண் 1800-180-5522 இரவும் பகலும் இயங்குகிறது, பெயர் சொல்லாமலும் தகவல் கொடுக்கலாம். உள்ளூரில் ராகிங் தடுப்புக் குழு இருக்கும், கல்லூரி முதல்வர்தான் தலைவர். குற்ற வழக்குக்கு இடமிருக்கிறது என்று தெரிந்தால் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் எஃப்ஐஆர் கொடுக்க வேண்டிய பொறுப்பும் அவருடையது. டீக்கும் டைப்பிங்குக்கும் அவ்வளவு தூரம் போகாமல் இருக்கலாம். மார்க்கைக் காட்டி மிரட்டியதை மட்டும் யாரும் சின்னதாகப் பேசிவிடாமல் பார்த்துக்கொள்.

தலைவர் விஷயம் சுலபம். "அவர் உங்க ரூம்மேட், இந்த விஷயத்தில் நீங்க விலகி இருந்தா உங்களுக்கும் நல்லது" என்று சொல். மறுத்தால் அதையும் ஒரு வரி எழுதிக் கொடு. சாவி இன்றைக்கே கை மாற வேண்டும். யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னது சரி.

பொறுப்பாசிரியர். இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்தாயிற்று. பெரும்பாலும் கெட்டவர்கள் இல்லை, பேப்பர் என்றால் பயம். அவரிடம் போய் அனுமதி கேட்காதே. "சார், பெட்டியில் வந்தவற்றை உரிய குழுவிடம் ஒப்படைத்துவிட்டோம், உங்கள் தகவலுக்கு" என்று ஒரு கடிதம். உள்ளடக்கம் சொல்ல வேண்டாம், அவர் கேட்டாலும் சொல்ல வேண்டாம். அவரை இதற்குள் இழுக்காமல் விட்டதற்கு உள்ளூர நன்றிதான் சொல்வார்.

கொடுக்கிற ஒவ்வொரு உறைக்கும் இரண்டு நகல் எடுத்துப் போ. ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கு. "வச்சிட்டுப் போம்மா, பார்க்கிறேன்" என்பார்கள். நின்று வாங்கு. பிறகு 90 நாள் கணக்கு எண்ண ஆரம்பிக்கும்போது அந்தத் தேதிதான் கைகொடுக்கும். விசாரணை அதற்குள் முடிய வேண்டும், அறிக்கை பத்து நாளில் வர வேண்டும், அதன்மேல் நிர்வாகம் முப்பது நாளில் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

செங்கோட்டை பாசஞ்சர்

மேம் சொன்னதோட ஒன்னு. வேண்டாம்னு சொன்ன பிறகும் திரும்பத் திரும்ப மெசேஜ் பண்றது பிஎன்எஸ், அதாவது ஐபிசிக்குப் பதிலா வந்த குற்றச் சட்டத்தோட 78-வது பிரிவுல பின்தொடர்தல் குற்றம். கல்லூரிக்குள்ள போறதா, போலீஸுக்குப் போறதா, ரெண்டுக்குமா அப்படிங்கிறது அந்தப் பொண்ணோட முடிவு. போகணும்னா நிர்வாகம் உதவணும். "முதல்ல ஐசிசி முடியட்டும்"னு யாரும் தடுக்க முடியாது. அதே மாதிரி "சமரசம்"னு ஒரு வழி சட்டத்துலயே இருக்கு. அவ கேட்டா மட்டும், ஐசிசி முன்னாடி மட்டும், காசு பேசாம. கமிட்டி ரூம்ல வச்சு "சாரி சொல்லிட்டாரு, விட்டுரும்மா"ங்கிறது அது இல்ல.

பெயர் வேண்டாம்

பையன் ஒருத்தன் பாலியல் புகார் கொடுத்தா ஐசிசி எடுத்துக்குமா? இந்தக் கேஸுக்கு இல்ல, பொதுவாக் கேட்கிறேன்.

மாஜி வார்டன்

2013 சட்டம் பெண்களுக்கானது. யுஜிசி ஒழுங்குமுறை ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் பாதிக்கப்படலாம் என்பதை ஏற்று, எல்லாப் பாலினத்தவர் மீதான வன்முறைக்கு எதிராகவும் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. கொடுக்கச் சொல். எடுக்க மாட்டோம் என்று சொல்கிற குழு எழுத்தில் சொல்லட்டும்.

வாசகரெப்

நடந்தது வரைக்கும் சொல்றேன், ஆளைப் பத்தி இல்லாம.

அந்தப் பொண்ணு சரின்னா. உறையோட அவளே வந்தா, நான் கூட நின்னேன். ஐசிசி தலைவர் முதல்ல "வச்சிட்டுப் போங்க"ன்னுதான் சொன்னாங்க. நின்னோம், கையெழுத்து போட்டுக் கொடுத்தாங்க. பையனோட கடிதம் முதல்வர் அலுவலகத்துக்குத் தபால்ல பதிவாகிப் போயிருக்கு. அவனுக்குக் கை நடுங்குச்சு, பதிவு நம்பரை அவனே போன்ல போட்டோ எடுத்துக்கிட்டான்.

தலைவர் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வச்சிருந்தார். அப்புறம் சாவியை மேசையில வச்சிட்டு "எனக்கு எதுவும் சொல்லாதீங்க"ன்னு போயிட்டார். அதுவே போதும்.

பழைய நோட்டு ரெண்டையும் ஐசிசி கேட்டு வாங்கிக்கிட்டாங்க. புது நோட்டுல போன் நம்பர் கட்டம் இல்ல. பேர், பதிவெண், வந்த நேரம், போன நேரம், அவ்வளவுதான். புத்தகம் காணாமப் போனா பதிவெண்ணை வச்சுத் துறையில கேட்டுக்கலாம்.

விசாரணை முடியற வரைக்கும் அவர் துறை நூலகத்துல படிக்கணும்னு இடைக்கால உத்தரவு வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை வகுப்பு நின்னுபோச்சு. புளிச்சாதம் சொன்ன மாதிரியே வகுப்புப் பசங்க எங்க மேல கோபமாத்தான் இருக்காங்க. காரணம் சொல்ல முடியாது, "இப்போதைக்கு வகுப்பு இல்ல"ங்கிறதோட நிறுத்திக்கிறோம். ரெண்டு பேர் பேசறதையே விட்டுட்டாங்க. ஆங்கிலத் துறை மேடம் ஒருத்தர் மாசம் ரெண்டு ஞாயிறு எடுக்கிறேன்னு சொல்லியிருக்காங்க.

மொட்டைக் கடிதம் எழுதினவங்க இதுவரைக்கும் வரல. அறிவிப்பை போர்டுல ஒட்டியாச்சு.

மூணாம் பெஞ்ச்

போர்டு எங்க இருக்கு?

வாசகரெப்

கூடத்து வாசல்ல, செருப்பு ஸ்டாண்டுக்கு மேல.

மூணாம் பெஞ்ச்

அவரோட கூட்டாளிங்க செருப்பு கழட்டுற இடத்துல நின்னு யாரும் அதைப் படிச்சு நம்பர் எழுதிக்க மாட்டாங்க. ஒரு காப்பி லேடீஸ் டாய்லெட் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. ஐசிசி தலைவரோட நம்பரைக் கொஞ்சம் பெரிசா. பாய்ஸ் டாய்லெட்லயும் ஒன்னு, ராகிங் நம்பரோட.

வாசகரெப்

பிரின்ட் போட்டுட்டு இருக்கேன். ரெண்டையும் இன்னைக்குப் பூட்டுறதுக்குள்ள ஒட்டிடறோம்.